‘டாரா’ பார்த்த பிறகு மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது

கேள்வி: டாக்டர், நாங்கள் அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்து ஓவர்லேண்ட் பார்க்கில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது. அவளுடைய நெருங்கிய தோழி ஓர் அமெரிக்கப் பெண். அடுத்த மாதம் அவள் பிறந்தநாளுக்கு நான்கைந்து பெண்கள் அவள் வீட்டில் இரவு தங்குகிறார்கள். போன வாரம் அந்தப் பெண்ணின் அம்மா எனக்கு போன் செய்தார். தனக்கு டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர் (ஒரே ஆளுக்குள் பல ஆளுமைகள் மாறி மாறி வரும் நோய்) இருக்கிறது, ஏழு வருடமாக சிகிச்சையில் இருக்கிறேன், பிள்ளைகளை இரவு தங்க அழைக்கும்போது பெற்றோரிடம் சொல்லிவிடுவது வழக்கம் என்றார். நானும் ‘பரவாயில்லை’ என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கூகுள் செய்தால் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் டாரா’ என்ற சீரியல் வந்தது. எங்கள் ஊரிலேயே நடக்கிற கதை! மூன்று ராத்திரி உட்கார்ந்து முதல் சீசனை முடித்தேன். சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. கணவர், ‘அந்நியன் வீட்டுக்குப் பொண்ணை அனுப்பச் சொல்றியா?’ என்கிறார். ஊரிலிருந்து மாமியார் போனில் ‘அது காத்து கருப்பு’ என்கிறார். மகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு ஆறு மாதமாகவே விஷயம் தெரியுமாம். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவாள். நல்ல பிள்ளை. ஆனால் உள்ளே வரும்போது வாசலில் நின்று என் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுவாள். அது மட்டும் கொஞ்சம் விசித்திரம். அனுப்பலாமா?

பி.கு: சீரியல் பார்த்தேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லலாமா?

— வாசகி, கான்சஸ்

பதில்:

அனுப்பலாம். ஆனால் எடுத்த எடுப்பில் ராத்திரி தங்க வேண்டாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றிரண்டு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த சீரியலைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் பயத்தில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அதைக் குறை சொல்லவும் முடியவில்லை; நானும் ரசித்துப் பார்த்தவன்.

2009 ஜனவரியில் ஷோடைம் சேனலில் தொடங்கி 2011-இல் மூன்று சீசன்களோடு, 36 எபிசோடுகளோடு முடிந்துபோனது அது. மூல யோசனை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குடையது, எழுதி உருவாக்கியவர் டயப்லோ கோடி. டாராவாக நடித்த ஆஸ்திரேலிய நடிகை டோனி கோலெட்டுக்கு 2009-லேயே நகைச்சுவைப் பிரிவில் எம்மி விருது கிடைத்தது. அவர் நடிப்பில்தான் உங்களுக்கு வயிறு கலங்கியிருக்கிறது. சுவரோவியம் வரையும் ஒரு அம்மா, நிமிடத்தில் பதின்ம வயதுப் பெண்ணாக மாறி மகளின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறாள். அடுத்து வியட்நாம் போருக்குப் போய்வந்ததாகச் சொல்லும் பீர் குடிக்கிற ‘பக்’. அடுத்து 1950-களின் விளம்பரப் படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி ஏப்ரன் கட்டிய ‘ஆலிஸ்’. நடை மாறுகிறது, குரல் மாறுகிறது, கண்ணாடி போடுவதும் கழற்றுவதும் கூட மாறுகிறது.

நிஜத்தில் இப்படி நான் பார்த்ததில்லை. என்னை விடுங்கள். இந்த சீரியலுக்கு ஆலோசகராக இருந்த ரிச்சர்ட் க்ளஃப்ட் என்ற மனநல மருத்துவர், இந்த நோயாளிகளோடே வாழ்நாளைக் கழித்தவர். நோயை வெளிப்படையாக, எப்போதும் தெரிகிற மாதிரி காட்டுகிறவர்கள் சுமார் 6 சதவீதம்தான் என்று எழுதியவரே அவர்தான். மற்றவர்கள் மறைப்பார்கள். மறைப்பதுதான் இந்த நோயின் வேலையே. ஆனால் மறைக்கிற ஒருத்தியை வைத்து அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் எடுக்க முடியாதே! ஆலோசகருக்குத் தெரிந்திருந்தும் திரைக்கு வேறு தேவை இருந்திருக்கிறது.

நிஜம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண், தையல் வேலை செய்கிறவர், தலைவலி என்றுதான் என்னிடம் வந்தார். அதற்கு முன்பே ஒரு மருத்துவமனையில் வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். நான் என் பங்குக்கு மனச்சோர்வு என்று எழுதி இரண்டு வருடம் ஓட்டினேன். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி ஒரு துணிக்கடைப் பையை மேஜைமேல் வைத்தார். கிளிப்பச்சை நிறத்தில் ஒரே மாதிரி மூன்று ரவிக்கைத் துணி. பீரோவில் இருந்ததாம். ‘இந்தக் கலரை நான் செத்தாலும் போட மாட்டேன் டாக்டர். பில்லுல என் கையெழுத்து இருக்கு. ஆனா நான் வலது பக்கமா சாய்ச்சு எழுத மாட்டேன்’ என்றார். அவ்வளவுதான். குரல் மாறவில்லை, கண் உருளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி நேரம் அவர் வாழ்க்கையிலிருந்து காணாமல் போயிருந்தது, அதற்கு ரசீது இருந்தது.

அவரோடு பதினொரு வயது மகன் வருவான். மருந்துச் சீட்டுகளை ரேஷன் கார்டு கவரில் போட்டு அவன்தான் வைத்திருப்பான். ஒரு தடவை நான் கேட்காமலே, ‘அம்மா இன்னைக்கு சின்னப் பொண்ணா இருக்காங்க’ என்றான். வெளியே மழை தூறுகிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னான். எனக்கு இரண்டு வருடமாகப் பிடிபடாதது அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

அதனால் உங்கள் மகளின் தோழியிடம் வருகிறேன். அவள் வாசலில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். விசித்திரம் என்று நீங்கள் நினைத்தது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. வீட்டுக்குள் காலை வைக்குமுன் ‘இன்றைக்கு அம்மா யார்’ என்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பழகிய பிள்ளைகள், அடுத்த வீட்டு வாசலிலும் அதைச் செய்வார்கள். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளிடமும் இந்தப் பார்வை உண்டு. ஒருவேளை வெறும் கூச்சமாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான்.

‘டாரா’ சரியாகப் பிடித்த இடமும் இதுவே. வேஷங்களை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். கணவன் மேக்ஸ், மகள் கேட், மகன் மார்ஷல் மூவருக்கும் யார் வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று அத்துப்படி. மார்ஷலுக்கு ஆலிஸ் பிடிக்கும், கேட்டுக்கோ ஆலிஸ் வாயைத் திறந்தாலே பிடிக்காது. சித்தி சார்மெய்னுக்கு இதெல்லாம் அக்கா போடும் நாடகமோ என்று சந்தேகம். கூடப் பிறந்தவர்கள் நம்பாமல் இருப்பது நான் பார்த்தவரை எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது. முதல் எபிசோடில் மகளின் காதலனை பக் பள்ளிக்கூடத்திலேயே அடிப்பது தியேட்டரில் விசில் வாங்கும் காட்சி. ஆனால் அதை அனுபவிக்கிற கேட்டுக்கு அது அவமானம். அம்மாமேல் கோபப்படவும் முடியாது, ஏனென்றால் அம்மாவுக்கு அது நினைவில்லை. ‘நான் செய்யல’ என்று நிஜமாகவே சொல்கிற ஒருவரிடம் எப்படி மன்னிப்பை எதிர்பார்ப்பது? அந்தச் சங்கடத்தை இவ்வளவு நெருக்கத்தில் காட்டியது வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அந்த அம்மாவிடம் ‘மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா’ என்று கேட்டுவைக்கப் போகிறீர்கள். கதை தொடங்கும்போது டாரா மருந்தை நிறுத்தியிருக்கிறாள், அதனால்தான் பக், ஆலிஸ் போன்ற மற்ற ஆளுமைகள் திரும்பி வருகிறார்கள். பார்க்கிறவருக்கு, மாத்திரை போட்டால் ஆள் மாறாது, விட்டால் மாறும் என்று தோன்றும். அப்படி ஒரு மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து தருவோம். நோய்க்கான சிகிச்சை பேச்சுதான், வருடக்கணக்கில். முதலில் ஆபத்தில்லாமல் அன்றாட வாழ்க்கையை நடத்தப் பழக்குவது. அது கைவந்த பிறகே பழைய நினைவுகளைத் தொடுவது. பிறகு உள்ளே இருப்பவர்களை ஒருவரோடு ஒருவர் இணக்கமாக்குவது. முடிந்தால் ஒன்றாக்குவது. ஏழு வருடம் என்று அவர் சொன்னது உங்களைப் பயமுறுத்தியிருக்கும். எனக்கு அது நிம்மதி தந்தது. இந்த நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கவே 5 முதல் 12 வருடம் வரை ஆகிறது என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்த வெட்கக்கேடு. அவர் அதையும் கடந்து, ஏழு வருடம் சிகிச்சையில் நிலைத்திருக்கிறார்.

கணவர் ‘அந்நியன்’ என்றது புரிகிறது. 2005-இல் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியனு’ம் இரண்டு மாத இடைவெளியில் வந்தன. நம் ஊரில் இந்த நோயைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு படங்களிலிருந்துதான். ‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’ என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மனச்சிதைவு என்று நாம் சொல்லும் ஸ்கிசோஃப்ரினியாவையும் இதில் போட்டுக் குழப்பிவிட்டோம். அது வேறு, இது வேறு. முக்கியமாக, இரண்டு படங்களிலுமே மாறுகிறவர் கொலை செய்கிறவர் அல்லது கொல்லத் துடிக்கிறவர். மருத்துவ அனுபவம் நேர் எதிராக இருக்கிறது. இந்த நோயாளிகளிடமிருந்து ஆபத்து யாருக்கு என்றால், பெரும்பாலும் அவர்களுக்கே. வெளிநோயாளிகளாக வருகிறவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரு தடவையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு. கணவரிடம் இதையும் சொல்லுங்கள். பயம் போகாது, ஆனால் சரியான திசையில் திரும்பும்.

ஏன் வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு பத்தி. குழந்தை ‘நான்’ என்ற ஒன்றோடு பிறப்பதில்லை. பசிக்கிற நான், அழுகிற நான், விளையாடுகிற நான் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தைக்கப்படுகின்றன. அந்தத் தையல் முடிவதற்குள், பாதுகாக்க வேண்டியவரே தாங்க முடியாத கொடுமையைத் திரும்பத் திரும்பச் செய்தால் குழந்தை எங்கே ஓடும்? உடம்பு ஓட முடியாது. ‘இது எனக்கு நடக்கல’ என்று மனது விலகிக்கொள்ளும். துண்டுகள் சேராமலே வளரும். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் இந்த நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேர் சிறு வயதில் வதைக்கோ கைவிடலுக்கோ ஆளானவர்கள். எதிர்க்கட்சியும் உண்டு: 1980-களிலும் 90-களிலும் சில சிகிச்சையாளர்கள் துருவித் துருவிக் கேட்டு, இல்லாத நினைவுகளை நோயாளியின் தலையில் ஏற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. ‘பல ஆளுமை’ என்ற பழைய பெயரை 1994-இல் மாற்றியது இந்தச் சண்டையெல்லாம் உச்சத்தில் இருந்த நேரம். சண்டை இன்னும் முழுக்க ஓயவில்லை. உங்கள் மகளின் தோழி வீட்டு வாசலில் நிற்கும்போது அது நமக்கு அவசியமும் இல்லை.

மாமியார் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். வேற்று ஆள் உடம்பில் புகுந்தது போன்ற அனுபவமாகவும் இந்த நோய் வெளிப்படலாம் என்று அதே கையேட்டின் 2013 பதிப்பே சேர்த்துக்கொண்டது. கோயில் கொடையில் சாமி வந்து ஆடி, குறி சொல்லி, விபூதி கொடுத்து மலையேறுவதை யாரும் நோய் என்று சொல்லவில்லை; ஊர் ஏற்றுக்கொண்டது, யாருக்கும் அதனால் தொல்லையில்லை. விரும்பாமல், நேரம் காலம் இல்லாமல் வந்து, வேலையையும் வீட்டையும் குலைக்கும்போதுதான் அது எங்கள் கணக்கில் வருகிறது. மாமியாரிடம், ‘அவங்க ஏழு வருஷமா டாக்டர்கிட்ட போறாங்க அத்தை’ என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

இனி அந்த ராத்திரி. பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமை பகலில் மகளை அங்கே அனுப்புங்கள். நீங்களே கொண்டுபோய் விட்டு, உள்ளே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அப்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ராத்திரி வீட்டில் வேறு பெரியவர் யார் இருப்பார்? உங்களுக்கு முடியாமல் போனால் பிள்ளைகள் யாரைக் கூப்பிடுவார்கள்? வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டில் இருக்கிறதா? மருந்துகளும் மதுவும் எங்கே? கான்சஸில் துப்பாக்கிக் கேள்வி கேட்பது அநாகரிகம் இல்லை. இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அவருடைய நோய்க்காக மட்டும் கேட்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். மகள் இதுவரை இரவு தங்கிய மற்ற வீடுகளில் இவற்றைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வீட்டு அம்மாக்கள் யாரும் தங்களைப் பற்றி முன்கூட்டி போன் செய்து சொன்னதும் இல்லை. யோசித்துப் பார்த்தால், விசாரணையே இல்லாமல் உங்களுக்கு நிலவரம் தெரிந்த ஒரே வீடு இதுதான்.

முதல் கேள்விக்கு அவர் ‘நான் மட்டும்தான்’ என்று சொன்னால், ராத்திரி பத்து மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கேக் வெட்டி, படம் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு. இரண்டாவது கேள்விக்கு அவர் தயங்காமல் ஒரு பெயரும் போன் நம்பரும் சொன்னால், உங்கள் கவலையில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கி வைக்கலாம். ஏழு வருட சிகிச்சையில் அந்த ஏற்பாட்டைத்தான் முதலில் செய்திருப்பார்கள்.

செய்யக் கூடாததும் உண்டு. ‘உங்களுக்குள்ள எத்தனை பேர்’ என்று கேட்காதீர்கள். அது ஒருவரை ‘உங்க ஆபரேஷன் தழும்பைக் காட்டுங்க’ என்று கேட்பதுபோல. அவருடைய பேச்சோ தோரணையோ சட்டென்று வேறாகத் தெரிந்தால், தெரியாத மாதிரி நடிக்கவும் வேண்டாம், பேர் வைத்துக் கூப்பிடவும் வேண்டாம். ‘கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?’ என்று சாதாரணமாகக் கேளுங்கள். அப்புறம், உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரி கூட வரக் கூடாது. ‘ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன்’ என்றுகூட வேண்டாம். ஓவர்லேண்ட் பார்க்கில் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மகள் ஆறு மாதமாக ரகசியம் காத்திருக்கிறாள். அதற்கு அவளைத் திட்டியிருந்தால், இன்றே சமாதானம் பேசிவிடுங்கள். 13 வயதில் தோழியின் நம்பிக்கையைக் காப்பாற்றுகிற பெண்ணை வளர்த்திருக்கிறீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். யாராவது தன்னையே காயப்படுத்திக்கொள்வதைப் பார்த்தாலோ, சாகப் போகிறேன் என்று சொல்லக் கேட்டாலோ, அது ரகசியத்தில் சேராது. உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு டெலி மானஸ் 14416. வீட்டுக்குள்ளேயே ஒரு சங்கேதமும் வைத்துக்கொள்ளுங்கள். ‘அம்மா, ரீட்டெய்னர எடுத்துட்டு வர மறந்துட்டேன்’ என்று மகள் மெசேஜ் அனுப்பினால், கேள்வி கேட்காமல் போய்க் கூட்டி வருவது. பல்லுக்கு ரீட்டெய்னர் போடாத பெண்ணாக இருந்தால் வேறு ஏதாவது. தோழியின் முன்னால் பயத்தைக் காட்டாமல் வீடு திரும்ப அவளுக்கு ஒரு வழி வேண்டும். இதை எல்லா வீடுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தோழி உங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைத்துவிடாதீர்கள். அவளிடம் அம்மாவைப் பற்றி விசாரிக்காதீர்கள். பரிதாபப்பட்டு ஸ்பெஷலாக எதுவும் செய்யாதீர்கள். அவளுக்கும் ஒரு தோசை, மகளுக்கும் ஒரு தோசை. பாத்திரத்தை சிங்க்கில் போடச் சொல்லித் திட்டுவதானால் இரண்டு பேரையும் திட்டுங்கள். நேற்று இருந்த அதே ஆளாக இன்றும் இருக்கிற ஒரு பெரியவரின் வீடு அவளுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை அவள் வாசலில் நின்று பார்க்கும்போது, கையில் கரண்டியோடு இருந்தாலும் சரி, ஒரு நொடி நின்று நீங்களும் அவளைப் பார்த்து, ‘வா’ என்று சொல்லுங்கள்.

பின்குறிப்புக்கு: நீங்களாகச் சொல்ல வேண்டாம். அவரே கேட்டால் பார்த்தேன் என்று சொல்லுங்கள், மறைக்காதீர்கள். ஒரு ஊரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்து, அதே ஊரில் நடப்பதாக ஒரு சீரியலும் இருந்தால், அவர் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? அவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். இரண்டாவது, மூன்றாவது சீசன்களை பிறந்தநாள் முடிந்த பிறகு பாருங்கள். போகப் போக இருட்டிக்கொண்டே போகும். அந்த ராத்திரிக்கு முன்னால் உங்களுக்கு அது தேவையில்லை.